வீட்டுப் பெரியவர்களுக்கு 14,000 படங்களைக் கொடுப்பது எப்படி?

கனகாம்பரம் கேட்டது:

வணக்கம். குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேர்ந்திருக்கின்றன. சுமார் 14,000 படங்கள், 62 ஜிபி. வீடியோ தனியாக 300 சொச்சம். பாதி ஆண்ட்ராய்டு போனில் எடுத்தவை. மீதியில் ஐபோன் படங்கள், பழைய டிஜிட்டல் கேமரா படங்கள், ஸ்கேன் செய்த அச்சுப்படங்கள் ஒரு 900, எல்லாம் கலந்திருக்கின்றன.

பார்க்க வேண்டியவர்கள்:

அம்மா, அப்பா: ஆண்ட்ராய்டு போன். வாட்ஸ்அப், யூடியூப் தவிர வேறு எதையும் திறப்பதில்லை.
பெரியம்மா: பட்டன் போன்தான். வீட்டில் யூஎஸ்பி செருகும் இடம் உள்ள டிவி இருக்கிறது, இணையம் இல்லை.
சித்தப்பா: பழைய விண்டோஸ் லேப்டாப். படங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் சிலவற்றை அச்சுப் போடவும் விரும்புகிறார்.
அத்தை: ஐபேட்.

எல்லாருக்கும் ஒரே வழி இருக்கிறதா? கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு லிங்க் அனுப்பினால் "அனுமதி கேளுங்கள்" என்று வருகிறது. தரம் குறையாமல் போக வேண்டும், ஆனால் யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும்படி இருக்கக் கூடாது.

---

தொகுப்பாளன்:

ஒரே வழியைத் தேடாதீர்கள். அவரவர் கை தினமும் எந்தக் கருவிக்குப் போகிறதோ அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். வேலை முழுவதும் கொடுப்பவர் பக்கம் இருக்கட்டும்; வாங்குபவர் பக்கம் ஒரு தொடுதலோ ஒரு பட்டனோ போதும் என்ற நிலை வர வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூலப் படங்கள் வேறு, பார்ப்பதற்காக அளவு குறைத்து எடுக்கும் பார்வைப் பிரதி வேறு. 62 ஜிபி என்பது மூலம். அதை யாருக்கும் அப்படியே தள்ள வேண்டாம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலேற்றினாலே கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும், அதுவும் இடையில் அறுபடாமல் இருந்தால். அதைவிடப் பெரிய சிக்கல், 14,000 படங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரே பிறந்தநாளில் ஒரே கேக்கை 40 படங்களில் பார்த்ததும் ரிமோட்டை வைத்துவிடுவார்கள்.

ஆகவே தேர்வுதான் முதல் வேலை, அதை யாரும் சுருக்க முடியாது. படங்களை ஒழுங்குபடுத்த உதவும் டிஜிகேம் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மூல ஃபோல்டரை இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. ஒத்த படங்களைத் தேடும் வசதியை ஓட்டுங்கள். ஒற்றுமை அளவை முதலில் 95 சதவீதத்துக்கு மேல் வையுங்கள். 80க்கு இறக்கினால் ஒரே சுவர் முன் நின்ற வேறு வேறு ஆட்களும் "ஒரே படம்" என்று பட்டியலில் வந்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் திரும்பி வந்த சிறிய பிரதியும் கேமராவின் பெரிய பிரதியும் ஜோடியாக வரும். பிக்சல் அளவு பார்த்துப் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் சுற்றில் கழிப்பது மட்டும். மங்கல், கண் மூடியது, தரை, ரசீது, ஸ்கிரீன்ஷாட். படத்துக்கு 2 வினாடி என்றாலும் 14,000க்கு 8 மணி நேரம் போகும். அதனால் ஆண்டு வாரியாகப் பிரித்து உட்காருங்கள்.

4. இரண்டாம் சுற்றில் நல்ல படங்களுக்கு நட்சத்திரக் குறி. ஒரு நிகழ்ச்சிக்கு 15 முதல் 25 படம். திருமணம் மாதிரிப் பெரிய நிகழ்ச்சி என்றால் 60 வரை போகலாம்.

5. முகங்களுக்குப் பெயர் கொடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. இதில்தான் பெரியவர்களுக்குச் சந்தோஷம் இருக்கிறது. பெரியம்மா தேடுவது ஆண்டை அல்ல, தன் பேரனை. முகம் அடையாளமிட்டால் "பேரன்" என்று ஒரு தனி வரிசையை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லும் அமைப்பை மறக்காமல் இயக்குங்கள். இல்லையென்றால் அவை அந்தக் கணினியின் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும்.

தேர்வானவை 1,200 முதல் 1,500க்குள் நிற்க வேண்டும். அவற்றுக்கு நீளப் பக்கம் 2560 பிக்சல், ஜேபெக் தரம் 85, நிற வெளி (நிறங்களைக் குறிக்கும் முறை) எஸ்ஆர்ஜிபி என்று ஒரு பார்வைப் பிரதி எடுங்கள். பல படங்களை மொத்தமாக மாற்றும் டிஜிகேமின் தொகுதி வரிசையிலோ, விண்டோஸில் இர்ஃபான்வியூ என்ற மென்பொருளின் தொகுதி மாற்றத்திலோ செய்யலாம். "சிறிய படங்களைப் பெரிதாக்காதே" என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு படம் ஏறக்குறைய 1 எம்பி வரும், மொத்தம் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும்.

தரம் குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். முழு எச்டி திரை 1920 × 1080 தான். 2560 × 1920 படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 8.5 × 6.4 அங்குலம் கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டும் 6 × 4 அளவுக்கு 1800 × 1200 போதும்.

கூகுள் டிரைவில் "அனுமதி கேளுங்கள்" என்று வருவதற்குக் காரணம், ஃபோல்டரின் பொது அணுகல் "கட்டுப்படுத்தப்பட்டது" என்ற நிலையில் இருப்பது. அதை "லிங்க் உள்ள எவரும்" என்று மாற்றி, உரிமையைப் "பார்வையாளர்" என்று வையுங்கள். ஆனால் படம் பார்க்க டிரைவ் நல்ல இடமல்ல. கோப்புப் பட்டியல் போலத்தான் காட்டும். மொத்தமாக இறக்கினால் பல ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வரும்.

---

பழைய லென்ஸ்:

பெரியம்மாவின் டிவிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பென் டிரைவில் கொடுப்பது எளிது என்று நினைத்து எல்லாரும் சறுக்கும் இடம் இது.

பென் டிரைவை ஃபார்மட் செய்யும் முறைகளில் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பல பழைய டிவிகள் படிக்காது. ஃபேட்32 அநேகமாக எல்லா டிவியிலும் ஓடும். 32 ஜிபி பென் டிரைவ் வாங்குங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியில் 32 ஜிபி வரை ஃபேட்32 தெரிவு கிடைக்கும். ஃபேட்32ல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. படத்துக்கு இது பொருட்டல்ல, நீளமான வீடியோவுக்குத் தடை. மேக்கில் ஃபார்மட் செய்தால் டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் திட்டத்தை (பார்ட்டிஷன்) எம்பிஆர் என்று தேர்ந்தெடுங்கள். ஜிபிடி என்று விட்டால் சில டிவிகள் "சாதனம் இல்லை" என்றே சொல்லும்.

புதிய பென் டிரைவை நம்புவதற்கு முன் சோதியுங்கள். 64 என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. நகலெடுக்கும்போது ஒன்றும் தெரியாது. பின்பாதிப் படங்கள் திறக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மற்றவற்றில் எஃப்3 என்ற சிறு மென்பொருள்கள் முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்துச் சொல்லிவிடும்.

படம் பக்கவாட்டில் படுத்திருப்பதுதான் அதிகம் வரும் புகார். போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. "இதை 90 பாகை திருப்பிக் காட்டு" என்று எக்சிஃப் தகவலில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) ஒரு குறிப்பு மட்டும் எழுதுகிறது. பெரும்பாலான கணினிகளும் போன்களும் அதை மதிக்கும், பல டிவிகளும் மின் புகைப்படச் சட்டங்களும் மதிக்காது. ஆகவே பார்வைப் பிரதி எடுக்கும்போதே அந்தக் குறிப்பின்படி உண்மையாகத் திருப்பிச் சேமிக்கச் சொல்லுங்கள். அளவு மாற்றாமல் மூலப் படத்தையே திருப்புவதென்றால் தர இழப்பில்லாத திருப்பல் என்ற தெரிவு வேண்டும். நீள அகலம் 16ஆல் வகுபடும் படங்களில் அது முழுச் சுத்தமாக நடக்கும், மற்றவற்றில் ஓரத்தில் சில பிக்சல் வெட்டுப்படும்.

பட்டியலில் பெயர் தெரிகிறது, திறந்தால் கறுப்பாக இருக்கிறது என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். ஒன்று, ஐபோனின் ஹெச்இஐசி வடிவம். டிவி அதைப் படிக்காது, ஜேபெக் ஆக்க வேண்டும். இரண்டு, படிப்படியாகத் தெளிவாகும் வகை ஜேபெக், அதாவது ப்ரோகிரசிவ். சேமிக்கும் பெட்டியில் அந்தத் தெரிவை அணைத்து பேஸ்லைன் என்ற சாதாரண வகை ஆக்குங்கள். மூன்று, மேக்கிலிருந்து நகலெடுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் புள்ளி-அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு மறைவான துணைக் கோப்பை மேக் சேர்த்து எழுதும். மேக்கில் அது தெரியாது. டிவியில் 300 படத்துக்கு 600 படம் காட்டும், பாதி உடைந்தவை. டெர்மினலில் டாட்-கிளீன் கட்டளையால் நீக்கலாம், அல்லது விண்டோஸ் கணினியில் செருகி அழிக்கலாம்.

கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள், அடுத்து நான்கிலக்க எண். 1, 2, 10 என்று வைத்தால் பல டிவிகள் 1, 10, 2 என்று ஓட்டும். 0001, 0002, 0010 என்று வையுங்கள். தமிழில் பெயரிட வேண்டாம். தமிழ் எழுத்துரு இல்லாத டிவியில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தலைப்புப் படம் செய்யுங்கள். 1920 × 1080 அளவில் கருநீலப் பின்னணி, பெரிய வெள்ளை எழுத்தில் "2014, வளைகாப்பு" என்று எழுதி ஜேபெக்காகச் சேமித்து, எண் வரிசையில் முதலாவதாக வையுங்கள். எழுத்து படத்துக்குள் இருப்பதால் எழுத்துரு பிரச்சினையே வராது. கண் மங்கியவர்களுக்கும் தெரியும்படி எழுத்துயரம் குறைந்தது 120 பிக்சல் இருக்கட்டும்.

ஃபோல்டர் ஒரே அடுக்கு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்தால் ரிமோட்டில் திரும்பி வர வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள். ஒன்றில் 200 முதல் 300 படம் போதும். அதற்கு மேல் போனால் சிறுபடங்கள் வரவே நேரமாகும்.

கடைசியாக ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நிகழ்ச்சி பதிவு வசதி உள்ள டிவிகள் பென் டிரைவைச் செருகியதும் "பதிவுக்காக ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். "சரி" அழுத்தினால் எல்லாம் போய்விடும். பெரியம்மாவிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். அதே உள்ளடக்கத்தோடு இரண்டாவது பென் டிரைவும் ஒன்று இருக்கட்டும். ஹார்ட் டிஸ்கை டிவியில் செருகாதீர்கள். யூஎஸ்பி 2 முனை தருவது 500 மில்லிஆம்பியர்தான், பல டிஸ்குகளுக்கு அது போதாமல் சுற்றிச் சுற்றி நின்றுவிடும்.

---

கனகாம்பரம்:

மிக்க நன்றி. தலைப்புப் படம் யோசனை அருமை. இரண்டு சந்தேகம். அம்மா அப்பாவுக்கு வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டால் என்ன? அங்கேதான் இருக்கிறார்கள். இன்னொன்று, ஸ்கேன் படங்கள் 900ம் ஒரே தேதியில் குவிந்து கிடக்கின்றன, வரிசையே கெட்டுப்போகிறது.

---

மின்னல்வரி:

வாட்ஸ்அப்பில 1,200 படம் கொட்டாதீங்க. ஒரு தடவைக்கு 100 வரைக்கும் அனுப்ப விடும்தான், ஆனா அவங்க போன்ல மீடியா தானா இறங்குற மாதிரி இருந்தா எல்லாம் கேலரிக்குள்ள போய் உட்கார்ந்து இடத்தை அடைச்சிடும். இடம் தீர்ந்தா முதல்ல வாட்ஸ்அப்பே நிக்கும். இறக்காம விட்டாலும் சிக்கல்தான், ரொம்ப நாள் கழிச்சுத் தொட்டா திரும்ப அனுப்பச் சொல்லும். குழுவில வேற பேச்சு வர வர, படம் மேலே போய்க்கிட்டே இருக்கும். அவங்களால தேடி எடுக்க முடியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும், எடுத்த தேதியையும் கழட்டிடும். எச்டின்னு தேர்ந்தெடுத்தா பரவாயில்ல. ஆவணமா அனுப்பினா மூலம் அப்படியே போகும், கோப்புக்கு 2 ஜிபி வரைக்கும். ஆனா ஆவணமா வந்ததை ஒவ்வொண்ணா தொட்டுத் திறக்கணும், புரட்டிப் பார்க்கிற சுகம் இருக்காது.

வாட்ஸ்அப்பை வாசல்படியா மட்டும் வெச்சுக்கோங்க. படம் இருக்கிற இடம் கூகுள் போட்டோஸ் ஆல்பம். இப்படிப் பண்ணுங்க:

பார்வைப் பிரதிகளை உங்க கூகுள் போட்டோஸ்ல ஏத்துங்க. இலவச இடம் 15 ஜிபி, அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து. ஒன்றரை ஜிபி தாராளமா அடங்கும். 62 ஜிபியை ஏத்தணும்னு நினைச்சாத்தான் காசு கட்டணும்.

ஆண்டுக்கு ஒரு ஆல்பம், இல்லன்னா ஆளுக்கு ஒரு ஆல்பம். ஒரு ஆல்பத்துல 20,000 வரை விடும், ஆனா 150 தாண்டினா பெரியவங்க விரல் வலிக்கும்.

பகிர்வுல போய் லிங்க் உருவாக்குங்க. மின்னஞ்சல் முகவரிக்குப் பகிராதீங்க, அங்கேதான் கணக்குல உள்ளே வரச் சொல்லி மாட்டிக்கும். லிங்க் இருந்தா கணக்கே இல்லாம பார்க்கலாம். அப்புறம் ஆல்பத்தோட தெரிவுகள்ல "மற்றவர்கள் படம் சேர்க்கலாம்" அணைச்சிடுங்க. கருத்து, விருப்பம் பகுதியும் அணைச்சிடுங்க, ஒவ்வொரு தொடுதலுக்கும் அறிவிப்பு வந்தா பயந்துடுவாங்க. படம் எடுத்த இடத்தைக் காட்டுறதையும் அணைச்சிடுங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி உங்க உலாவியில மறைநிலைச் சாளரம் திறந்து அந்த லிங்க்கை ஒட்டிப் பாருங்க. அங்க படம் வந்தா யார் போன்லயும் வரும். இந்தச் சோதனையை விட்டுட்டு "உங்க பக்கம்தான் ஏதோ தப்பு"ன்னு அவங்களைப் போன்ல திணறடிக்கிறது சரியில்ல.

அடுத்து, நேர்ல போறப்ப செய்ய வேண்டியது. அம்மா போன்ல குரோம் வழியா அந்த ஆல்பத்தைத் திறந்து, மூணு புள்ளி மெனுவில "முகப்புத் திரையில் சேர்" தட்டுங்க. பெயரை "நம்ம படங்கள்"னு மாத்துங்க. வாட்ஸ்அப் ஐகானுக்குப் பக்கத்துல இழுத்து வைங்க. இனிமே லிங்க் தேட வேண்டாம், ஒரு தொடுதல். ஐபேட்ல சஃபாரியில பகிர்வுப் பட்டனுக்குள்ள இதே தெரிவு இருக்கு, அத்தைக்கு அதுவே போதும்.

அத்தைக்கு ஐகிளவுட் பகிர் ஆல்பமும் ஒரு வழி. அது யாரோட ஐகிளவுட் இடத்திலயும் கணக்காகாது. ஆல்பத்துக்கு 5,000 படம் வரை, 100 பேர் வரை. ஆனா படத்தை நீளப் பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கிடும், வீடியோ 15 நிமிஷத்துக்கு மேல ஏறாது. பார்க்க நல்லா இருக்கும், காப்பு நகலா நினைக்கக் கூடாது. உங்ககிட்ட ஆப்பிள் சாதனம் இல்லன்னா இதுக்காக மெனக்கெட வேண்டாம்.

லிங்க் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசிச் சொல்லிடுங்க. தெரியாத லிங்க்கைத் தொடாதேன்னு அவங்களுக்கு நாமதான் சொல்லி வெச்சிருக்கோம், அந்தப் பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது. அதே காரணத்துக்காக, தூரத்துல இருந்து திரையை இயக்குற செயலிகளை அவங்க போன்ல நிறுவச் சொல்லாதீங்க. மோசடிக்காரங்க கேக்குறதும் அதே செயலியைத்தான். வீடியோ அழைப்புல திரையைக் காட்டச் சொல்லி வாயால வழி சொல்லுங்க.

---

அச்சுப்பிரதி:

தேதிக் குழப்பத்துக்கும் சித்தப்பாவுக்கும்.

ஸ்கேன் கோப்பில் இருக்கும் தேதி ஸ்கேன் செய்த தேதி. ஆல்பமும் டிவியும் அதைத்தான் பார்க்கும். நாள் தெரியாவிட்டாலும் ஆண்டைப் போடலாம். ஒரே காலத்துப் படங்களை ஒரு ஃபோல்டராக்கி, டிஜிகேமின் "நேரம், தேதி சரிசெய்தல்" வழியாக எல்லாவற்றுக்கும் 1986 ஜனவரி 1, காலை 10 மணி என்று கொடுங்கள்; படத்துக்குப் படம் ஒரு நிமிடம் கூட்டினால் நீங்கள் விரும்பும் வரிசையும் நிற்கும். ஊகித்த தேதி என்பதை மறக்காமலிருக்க "ஆண்டு தோராயம்" என்று ஒரு குறிச்சொல் சேர்த்துவிடுங்கள்.

பழைய கேமராவில் கடிகாரம் தவறாக இருந்தால் அந்தத் தவறு எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுதான் இருக்கும். நேரம் உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கேமராவின் படங்களை மட்டும் மொத்தமாக நகர்த்துங்கள். கட்டளை வரி பழக்கம் இருந்தால் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இதை விரைவாகச் செய்யும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு எக்சிஃப் தேதி இருக்காது, ஆனால் கோப்புப் பெயரிலேயே ஆண்டு-மாதம்-நாள் எட்டு இலக்கமாக இருக்கும். அது வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். பெயரிலிருந்து தேதியை எடுத்து எழுத எக்சிஃப்டூலுக்குத் தெரியும்.

தேதியைச் சரிசெய்த பிறகுதான் பார்வைப் பிரதி எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் எண்ணிட்டுப் பெயர் மாற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும்.

சித்தப்பாவுக்கு ஜிப் கோப்பு அனுப்ப வேண்டாம். விண்டோஸில் ஜிப்பை இரட்டைச் சொடுக்கினால் ஃபோல்டர் போலவே திறக்கும், உள்ளே ஒரு படத்தைத் தொட்டால் அதுவும் திறக்கும். ஆனால் அடுத்த படத்துக்குப் போகும் அம்பு வேலை செய்யாது, ஏனென்றால் அந்த ஒரு படம் மட்டும் தற்காலிகமாக வெளியே வந்திருக்கிறது. "ஒரே ஒரு படம்தான் இருக்கிறது" என்பார். அவர் தவறல்ல, பிரித்தெடுக்க வேண்டும் என்று எங்கும் பளிச்சென்று எழுதியிருக்காது.

அவர் சேமித்துவைக்கவும் அச்சிடவும் விரும்புவதால் 128 ஜிபி யூஎஸ்பி டிரைவோ சிறு ஹார்ட் டிஸ்கோ கொடுங்கள். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் நல்லது. அதில் இரண்டே ஃபோல்டர்: "பார்க்க" என்பதில் 1,500 பார்வைப் பிரதி, "மூலம்" என்பதில் மொத்தமும். முதல் ஃபோல்டரைத்தான் அவர் தினமும் திறப்பார். "பார்க்க" என்பதை அவருடைய கணினிக்கே நகலெடுத்து, மேசைத்திரையில் குறுக்குவழி வைத்து, திரைக்காப்பை அந்த ஃபோல்டரைக் காட்டும்படி அமைத்துவிடுங்கள். விண்டோஸ் திரைக்காப்பில் "புகைப்படங்கள்" என்ற தெரிவு இருக்கிறது. கணினி சும்மா இருக்கும்போதெல்லாம் படம் ஓடும்.

பழைய விண்டோஸ் ஹெச்இஐசி திறக்காது. ஐபோன் படங்களை மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இனி எடுப்பவற்றுக்கு ஐபோன் அமைப்புகளில் கேமரா, வடிவங்கள், "அதிக இணக்கமானது" என்று வைத்தால் ஜேபெக்காகவே வரும், கோப்பு கொஞ்சம் பெரிதாகும்.

மலிவான பென் டிரைவில் எழுதும் வேகம் வினாடிக்கு 8 எம்பி அளவில்தான் இருக்கும். 62 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடிந்ததும் "பாதுகாப்பாக அகற்று" கொடுக்காமல் பிடுங்கினால் கடைசிப் படங்கள் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். நகல் சரியா என்று ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளில் உள்ளடக்க ஒப்பீடு ஓட்டிப் பாருங்கள், பெயரும் அளவும் மட்டும் ஒத்திருப்பது போதாது.

---

கனகாம்பரம்:

300 வீடியோக்களை என்ன செய்வது? பெரியம்மா டிவியில் சில ஓடுகின்றன, சிலவற்றில் சத்தம் மட்டும் வருகிறது. மின் புகைப்படச் சட்டம் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் ஒரு யோசனை.

---

தொகுப்பாளன்:

சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவாக இருக்கும். புதிய போன்கள் இடம் மிச்சமாக அந்த முறையில் பதிவு செய்கின்றன, பழைய டிவியிலோ அதைப் படிக்கும் திறன் இல்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் வரிசையில் சேர்த்து, "ஃபாஸ்ட் 1080பி30" என்ற முன்னமைவைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். எம்பி4 கோப்பு, எச்.264 படம், ஏஏசி ஒலி என்று வெளிவரும். பழைய கணினியில் இரவு முழுவதும் ஓடும், ஓடட்டும். ஆனால் அதற்கு முன் தேர்வு செய்யுங்கள். 300ல் 40 போதும், ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்துக்குள் வெட்டுங்கள்.

அம்மா அப்பா யூடியூப் பார்ப்பவர்கள் என்று சொன்னீர்கள். அங்கே இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 200 படங்களைப் படத்துக்கு 6 வினாடி வீதம் கோத்தால் 20 நிமிட வீடியோ. ஷாட்கட் போன்ற இலவச எடிட்டரில் படங்களைப் பட்டியலில் போட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஸ்லைடு ஷோவாகச் சேர்த்தால் தானே அடுக்கிக்கொடுக்கும். அதை யூடியூபில் "பட்டியலிடப்படாதது" என்ற நிலையில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். தேடலில் வராது, ஆனால் லிங்க் கைமாறினால் யாரும் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற உங்கள் கணக்கைப் போன் எண்ணால் சரிபார்த்திருக்க வேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைத்தால் உரிமைக் கோரல் வந்து வீடியோ முடங்கலாம். யூடியூப் தரும் இலவச இசையையோ, வீட்டில் யாராவது பேசிப் பதிவு செய்த குரலையோ வையுங்கள். குரல்தான் நல்லது. "இது யார் தெரியுமா, நம்ம தாத்தாவோட தங்கச்சி" என்று படத்தோடு சொல்லிக்கொண்டே போனால், எழுத்து படிக்க முடியாதவர்களுக்கும் எல்லாம் விளங்கும்.

அதே வீடியோ கோப்பைப் பெரியம்மா பென் டிரைவிலும் போட்டுக் கொடுங்கள். படத் தொகுப்பாகக் கொடுத்தால் ஸ்லைடு ஷோ பட்டனைத் தேட வேண்டும். வீடியோ என்றால் ஒரே பட்டன்.

---

பழைய லென்ஸ்:

மின் சட்டம் பற்றி. வைஃபை உள்ள சட்டம் என்றால் அம்மா வீட்டுக்குப் பொருந்தும், பெரியம்மாவுக்கு இணையம் இல்லாததால் எஸ்டி கார்டு அல்லது யூஎஸ்பி வகைதான். வாங்கும்முன் பார்க்க வேண்டியவை: திரை 10 அங்குலத்துக்குக் குறையாமலும் 1280 × 800 பிக்சலுக்குக் குறையாமலும் இருக்கட்டும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். பல சட்டங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இணையும். வீட்டு ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் இணைக்கும்போது திணறும், 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்தால் சரியாகும்.

சட்டத்தை உங்கள் வீட்டிலேயே பிரித்து, மொழி, நேரம், இரவில் அணையும் மணி எல்லாம் அமைத்து, 300 படம் ஏற்றி, ஒரு வாரம் ஓடவிட்டு அதன் பிறகு கொடுங்கள். பெட்டியோடு கொடுத்தால் பெட்டியோடே இருக்கும். இதற்கென்று தனிப் பிரதி எடுங்கள்: 1280 × 800, அகலவாட்டுப் படங்கள் மட்டும். நெட்டுவாட்டுப் படத்தை அகலச் சட்டத்தில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டையாகும், அல்லது தலையை வெட்டிவிடும். நெட்டுவாட்டுப் படங்கள் அவசியம் என்றால் இரண்டை ஒட்டி ஒரே படமாக்கிப் போடுங்கள்.

---

மின்னல்வரி:

இன்னும் ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஆல்பம் உங்க கணக்குல இருக்கு, அதனால நீங்க ஒரு படத்தை அழிச்சா எல்லார் பார்வையிலிருந்தும் போயிடும். வேணும்ங்கிறவங்க தன்னோட கணக்குல சேமிச்சுக்கிட்டா தப்பிக்கும், ஆனா அது அவங்க 15 ஜிபியில கணக்காகும். ரெண்டு வருஷம் தொடாம விட்ட கூகுள் கணக்கை நிறுவனம் அழிக்கலாம்னும் விதி இருக்கு. அதனால படத்துக்குன்னே புதுசா ஒரு கணக்கு திறந்து ஏத்தாதீங்க, நீங்க தினமும் பயன்படுத்துற கணக்குல வைங்க.

லிங்க்கை க்யூஆர் கோடா அச்சடிச்சு ஃபிரிட்ஜ் மேல ஒட்டணும்னா, முகவரி நேரடியா உள்ளே பதிஞ்ச நிலையான கோடா எடுங்க. சில இலவசத் தளங்கள் நடுவில தன்னோட முகவரியைச் செருகி, கொஞ்ச நாள்ல காசு கேட்டு கோடை முடக்கிடும். எடுத்ததும் போன் கேமராவுல காட்டிப் பாருங்க, உங்க ஆல்பம் முகவரியே தெரிஞ்சா சரி.

---

கனகாம்பரம்:

புரிந்தது. தேர்விலிருந்து தொடங்குகிறேன். புதுப் படங்கள் சேரும்போது பென் டிரைவை ஒவ்வொரு முறையும் முழுசாக மாற்ற வேண்டுமா?

---

பழைய லென்ஸ்:

வேண்டாம். இரண்டு பென் டிரைவ் இருக்கிறதல்லவா, ஒன்று பெரியம்மாவிடம், ஒன்று உங்களிடம். உங்களிடம் இருப்பதில் "00" என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து புதுப் படங்களை அதில் மட்டும் போடுங்கள். பட்டியலில் முதலாவதாக நிற்கும், தேட வேண்டாம். போகும்போது இதைக் கொடுத்து அதை வாங்கி வாருங்கள். அடுத்த முறை "00"இல் இருந்ததை அந்தந்த ஆண்டு ஃபோல்டருக்கு நகர்த்தி, இரண்டு டிரைவையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, "00"இல் அடுத்த புதுப் படங்களை வையுங்கள்.